கேஸ் போட்டாச்சு... அப்புறம்?

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். நான் மெக்கானிக் இல்லை. ஸ்டெப்னி மாத்தணும்னாலே பக்கத்துல ஒருத்தர் நின்னு தைரியம் சொல்லணும். ஆனா 2007-ல வாங்கின ஒரு காரை இன்னும் வச்சுக்கிட்டு, அதோட ஏசியோட மூணு கோடை மல்லுக்கட்டினவன்ங்கற தகுதி இருக்கு. அந்தத் தகுதியில்தான் இந்தப் புலம்பல்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

காருக்குள்ள குளிர் குறைஞ்சா நம்ம வாயில வர்ற முதல் வார்த்தை என்ன? "கேஸ் தீர்ந்துடுச்சு போல." நேரா ஒரு ஏசி கடை வாசல்ல வண்டியை நிறுத்தி, இறங்காமலேயே, "அண்ணே, கேஸ் போடணும்." அவரும் போடுவார். ஜில்லுனு காத்து வரும். காசைக் கொடுத்துட்டு, வாழ்க்கையில ஒரு பிரச்சனையைத் தீர்த்த பெருமிதத்தோட கிளம்பிடுவோம். இதைத்தான் நானும் செஞ்சேன். 2022 ஏப்ரல்ல 1,500 ரூபாய். 2023 மார்ச்ல 1,600. 2024 ஏப்ரல்ல 1,800. முதல் தடவை போட்டது கிட்டத்தட்ட ஒரு வருஷம் வந்தது. ரெண்டாவது ஆறு மாசம் (அப்புறம் மழையும் குளிரும் வந்ததால நான் கண்டுக்கலை). மூணாவது சரியா இருபத்தியாறு நாள்.

அந்த இருபத்தியாறாவது நாள் எங்கே விடிஞ்சதுன்னு சொல்றேன்.

அம்மாவுக்கு மதுரையில கண்புரை ஆபரேஷன். மறுநாள் காலையில அனுப்பிட்டாங்க. கறுப்புக் கண்ணாடி, சொட்டு மருந்து, ஒரு முழ நீளத்துக்கு அறிவுரை. அதுல ரெண்டு முக்கியம். கண்ணுல தூசி படக்கூடாது. நெத்தி வேர்வை கண்ணுக்குள்ள இறங்கக்கூடாது. "ஏசி கார்தானே? அப்ப கவலையில்லை"ன்னு அந்த நர்ஸம்மா சொன்னப்ப நான் தலையை ஆட்டினது இன்னும் ஞாபகம் இருக்கு. திருச்சிக்குத் திரும்பறோம். மே மாசம், அக்னி நட்சத்திரம், பகல் பதினொரு மணி.

மேலூர் தாண்டினதும் குளிர் லேசா குறைஞ்ச மாதிரி இருந்தது. பிரமைன்னு நினைச்சேன். கொட்டாம்பட்டி வர்றதுக்குள்ள வென்ட்ல வர்றது வெறும் காத்து. ஜன்னலைத் திறந்தா நாலுவழிச்சாலைத் தூசி. மூடினா அடுப்பு. அம்மா ஒண்ணும் சொல்லலை. புடவைத் தலைப்பால நெத்தியை ஒத்தி ஒத்தி எடுத்துக்கிட்டே, "ஜன்னலைத் தொறக்காத தம்பி, டாக்டர் சொல்லியிருக்காருல்ல"ன்னு மட்டும் சொன்னாங்க. தங்கமணி பின்சீட்டுல இருந்து என் பின்மண்டையைப் பார்த்துக்கிட்டே வந்தாங்க. கண்ணாடியில பார்க்கத் தேவையில்லை, சூடு தெரிஞ்சது.

துவரங்குறிச்சியில ஒரு டீக்கடையில ஒதுங்கினோம். கடைக்காரர் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்ததுமே விஷயம் புரிஞ்சு, பெஞ்சை ஃபேனுக்கு நேரா திருப்பிப் போட்டார். அங்கேயே சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். ரெண்டு மணிக்கு ஒரு தரம் தங்கமணி சோப்பு போட்டுக் கை கழுவிட்டு வந்து சொட்டு மருந்து விட்டாங்க. அஞ்சரை மணிக்கு வெயில் தாழ்ந்தப்புறம் மெதுவா ஓட்டி வீடு வந்து சேர்ந்தோம். கண்ணுக்கு ஒண்ணும் ஆகலை. ஆகியிருந்தா இந்தப் பதிவை இவ்வளவு நக்கலா எழுதிக்கிட்டு இருக்க மாட்டேன்.

மறுநாள் காலையில சண்டை போடுறதுக்குன்னே கடைக்குப் போனேன். கேஸ் போட்ட தம்பி நான் கத்தி முடிக்கிற வரைக்கும் பொறுமையா நின்னார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சார், நீங்க கேஸ் போடச் சொன்னீங்க, போட்டேன். என்ன கோளாறுன்னு பாருன்னு என்னைக்காச்சும் சொன்னீங்களா?"

என்கிட்ட பதில் இல்லை. அவரே தொடர்ந்தார். லீக் எங்கேன்னு தேடணும்னா வண்டி அரை நாள் கடையில நிக்கணும். ஆயிரம் ரூபாய்க்குப் பக்கமா கூலி ஆகும். அதைச் சொன்னா நூத்துல தொண்ணூறு பேர், "சும்மா பாக்கறதுக்கு ஆயிரமா?"ன்னு கேட்டுட்டு அடுத்த கடைக்குப் போயிடறாங்களாம். அடுத்த கடைக்காரர் இருபது நிமிஷத்துல கேஸைப் போட்டு அனுப்பிடுவார். "அப்ப நான் என்ன சார் பண்றது?"

யோசிச்சுப் பார்த்தா, அவர் சொன்னதுல தப்பே இல்லை. கேஸ்ங்கறது ஒரு பொருள். உள்ள போகுது, அதுக்குக் காசு. தேடறதுங்கறது பொருள் இல்லை. அதனால அதுக்குக் காசு கொடுக்க நமக்கு மனசு வராது. என் கருத்து இதுதான் மக்களே: பழைய கார் ஏசி விஷயத்துல நாம காசு கொடுக்க வேண்டியது தேடறதுக்குத்தான். கேஸுக்குக் கொடுக்கறது அதுக்கப்புறம்.

ஏன்னு கொஞ்சம் விவரமா பார்ப்போம். கார் ஏசியில இருக்கற கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகற பொருள் இல்லை. மூடின குழாய்க்குள்ளேயே சுத்தி வர்றது. கம்ப்ரஸர் அதை அழுத்திச் சூடாக்கி முன்னாடி இருக்கற கண்டென்சருக்கு அனுப்பும். அங்கே சூட்டை வெளிய விட்டுட்டு திரவமாகும். எக்ஸ்பான்ஷன் வால்வுங்கற சின்ன ஓட்டை வழியா பீச்சும்போது அழுத்தம் போய், டேஷ்போர்டுக்குள்ள இருக்கற கூலிங் காயில்ல கொதிச்சு ஆவியாகும். ஆமாங்க, கொதிக்கறதுதான். ஆர்134ஏ சாதாரணக் காத்தழுத்தத்துல மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிக்கும். அப்படிக் கொதிக்கத் தேவையான சூட்டை நம்ம காருக்குள்ள இருக்கற காத்துலேருந்து எடுத்துக்கும். அதுதான் குளிர். மறுபடி கம்ப்ரஸர். இந்தச் சுத்துல "தீர்ந்து போறது"க்கு இடமே இல்லை. குறைஞ்சா, எங்கேயோ வெளிய போயிருக்குன்னு அர்த்தம்.

நியாயமா ஒண்ணு சொல்லிடணும். ரப்பர் ஹோஸ் வழியாவும் ஜாயிண்ட் வழியாவும் துளித்துளியா வருஷக்கணக்குல கசியறது எந்த வண்டியிலயும் உண்டு. பதினஞ்சு வருஷ வண்டிக்கு 2022-ல நான் கேஸ் போட்டது தப்பில்லை. அடுத்த வருஷமே மறுபடி போடும்போதாவது மண்டையில மணி அடிச்சிருக்கணும். அடிக்கலை.

இன்னொரு பெரிய மூடநம்பிக்கை, "ப்ரெஷர் இருக்கு, அப்ப கேஸ் இருக்கு." வண்டி ஆஃப்ல இருக்கறப்ப கேஜ் போட்டுப் பார்த்துட்டு இதைச் சொல்றவங்க நிறைய. நம்ம வீட்டு சமையல் சிலிண்டரை நினைச்சுக்கோங்க. 14.2 கிலோ ரொம்பி வந்த அன்னைக்கும், காலியாகறதுக்கு முந்தின நாளும் அடுப்பு ஒரே மாதிரிதான் எரியுது. உள்ள கொஞ்சமாவது திரவம் இருக்கற வரைக்கும் அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்ததுதான், அளவைப் பொறுத்தது இல்லை. அதனாலதான் சிலிண்டர்ல எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சுக்க எடை போடுறோம். கார் ஏசியும் அப்படியே. 35 டிகிரி வெயில்ல நிக்கற வண்டியில, உள்ள 200 கிராம் இருந்தாலும் சரி, முழுசா 450 கிராம் இருந்தாலும் சரி, கேஜ் 110, 115 பி.எஸ்.ஐ. பக்கம்தான் காட்டும். ஓடும்போது ரெண்டு பக்கமும் பார்த்தாத்தான் ஏதாவது தெரியும். அப்பவும் எவ்வளவு குறையுதுன்னு கிராம் கணக்குல சொல்ல முடியாது. பானெட்டுக்கு அடியில ஒரு ஸ்டிக்கர்ல எத்தனை கிராம்னு போட்டிருக்கும். பழசை முழுசா மெஷின்ல எடுத்துட்டு, வேக்குவம் போட்டு, தராசு வச்சு அந்த அளவை ஏத்தறதுதான் முறை. நமக்குப் போடுறவர் பைப்பைத் தொட்டுப் பார்த்து, "வேர்க்குது, போதும்"பார். பாதி நாள் அது கூடுதலாவே போயிடும். கூடுதலாப் போனா குளிர் கூடாதுங்க, குறையும். கம்ப்ரஸரும் திணறும்.

அந்தத் தம்பியே ஒரு வயசான பாயைக் கைகாட்டி விட்டார். "லீக் மட்டும்தான் சார் அவர் பாப்பாரு. ஆனா அவசரப்படுத்தாதீங்க."

பாய் பானெட்டைத் திறக்கலை. முதல்ல கேள்வி. எப்ப குறையுது? சிக்னல்ல நிக்கும்போதா, ஓடும்போதா? காத்து வேகமா வருதா? கம்ப்ரஸர் டக்கு டக்குனு அடிக்கடி விட்டு விட்டுப் போட்டுச்சா? கடைசியா எப்ப கேஸ் போட்டீங்க, அதுக்கு முன்னாடி எப்ப? டாக்டர் மாதிரி ஒரு பத்து நிமிஷம். அந்தக் கேள்விகளோட அருமை எனக்கு அப்புறம்தான் புரிஞ்சது. ஹைவேயில ஜில்லுனு இருந்து, சிக்னல்ல நின்னா சூடா வருதுன்னா கேஸை விட்டுட்டு கண்டென்சர் ஃபேனைப் பாக்கணும், இல்லைன்னா கண்டென்சர் ரெக்கையெல்லாம் மண்ணும் பூச்சியுமா அடைஞ்சிருக்கான்னு பாக்கணும். காத்து ஜில்லுனு இருக்கு, ஆனா சன்னமா வருதுன்னா ஃபில்டரோ கூலிங் காயிலோ அழுக்கு. முதல் அரைமணி நல்லா இருந்து, அப்புறம் காத்தே நின்னு போய், ஆஃப் பண்ணிட்டுக் கொஞ்ச நேரம் கழிச்சுப் போட்டா மறுபடி வருதுன்னா காயில்ல ஐஸ் கட்டுது. கம்ப்ரஸர் அடிக்கடி போட்டு விட்டுச்சுன்னா கேஸ் குறைவா இருக்க வாய்ப்பு அதிகம். அழுத்தம் ரொம்ப இறங்கினா ஒரு ஸ்விட்ச் கம்ப்ரஸரையே நிறுத்திடும். கொட்டாம்பட்டியில எனக்கு நடந்தது அதுதான்.

இதையெல்லாம் விடக் கொடுமை என் ஆபீஸ் நண்பரோடது. ரெண்டு தடவை கேஸ், ஒரு தடவை எக்ஸ்பான்ஷன் வால்வு மாத்தினார். குளிரே இல்லை. கடைசியில பார்த்தா ஹீட்டர் கேபிள் கிளிப்பிலேருந்து நழுவியிருக்கு. திருகி நீலத்துல நிக்குது, ஆனா உள்ள சூடான தண்ணி ஹீட்டருக்கு ஓடிக்கிட்டே இருக்கு. ஒரு பக்கம் ஏசி குளிர்விக்க, இன்னொரு பக்கம் இன்ஜின் சூடாக்க, நடுவுல இவர் வேர்த்துக்கிட்டு. திருச்சியில யாருக்குங்க ஹீட்டர் ஞாபகம் வரப்போகுது?

நிற்க. பாய் கதைக்கு வருவோம். பானெட்டைத் திறந்து, டார்ச் அடிச்சு, குழாய் குழாயா விரலால தடவிக்கிட்டே போனார். கேஸ் தனியா போகாது, கம்ப்ரஸருக்கான எண்ணெயையும் கூடவே இழுத்துக்கிட்டுத்தான் கசியும், அதனால லீக் ஆகற இடத்துல எண்ணெய்ப் பசையும் அதுல தூசியும் ஒட்டியிருக்கும்னார். எதுவும் தென்படலை. என்னை ஒரு மாதிரியாப் பார்த்தார். "இன்ஜின் இவ்ளோ சுத்தமா இருக்கே, தொடைப்பீங்களோ?"

தொடைப்பேன். ஞாயித்துக்கிழமை தவறாம. கண்டென்சர் பக்கத்து ஜாயிண்ட்ல கறுப்பா ஒரு பிசுக்கு வரும். ரெண்டு வருஷமா அதை மண்ணெண்ணெய்த் துணியால தொடைச்சு எடுத்துக்கிட்டு இருக்கேன். பழைய வண்டியைப் பளபளன்னு வச்சிருக்கோம்கற பெருமை வேற. திருட்டு நடந்த வீட்டுல கைரேகையை வாரா வாரம் தொடைச்சுட்டு, திருடனைப் பிடிக்கலைன்னு போலீஸைத் திட்டின மாதிரி.

எந்த ஜாயிண்ட்னு நானே விரலை நீட்டிக் காட்டினேன். பாய் ஒண்ணும் சொல்லலை, சிரிக்கக்கூட இல்லை. மிச்சமிருந்த கேஸை மெஷின்ல எடுத்துட்டு நைட்ரஜன் ஏத்தினார். சோப்புத் தண்ணியை பிரஷ்ல தொட்டு அந்த ஜாயிண்ட்ல தடவினார். கொஞ்ச நேரம் ஒண்ணுமில்லை. அப்புறம் நண்டு வாயில நுரை தள்ளுமே, அந்த மாதிரி பொடிப்பொடியா, மெதுவா நுரை கட்டுச்சு. அதைப் பார்க்கறதுக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு. உள்ள ஒரு ரப்பர் ஓ-ரிங். பதினேழு வருஷச் சூட்டுல காய்ஞ்சு, பிளாஸ்டிக் வளையல் மாதிரி விறைச்சுக் கிடந்தது. நகத்தால அழுத்தினதும் உடைஞ்சுது.

ஒரு ரிங் போனா மத்ததும் அதே வயசுதானேன்னு எல்லா ஜாயிண்ட்டுக்கும் புது ரிங் போட்டார். குழாயைத் திறந்ததால ட்ரையரையும் மாத்தியாகணும்னார். அது ஈரத்தை உறிஞ்சற பை மாதிரி. வெளிக்காத்து பட்டா அதுவே ஈரத்தைக் குடிச்சுட்டு உட்கார்ந்துடும். கம்ப்ரஸரைக் கழட்டி எண்ணெயை வடிச்சுக் காட்டினார். இருக்க வேண்டியதுல பாதிகூட இல்லை. மூணு தடவையும் எனக்குக் கேஸ் ஏறுச்சு, எண்ணெய் ஒரு தடவைகூட ஏறலை. "இன்னொரு தடவை கேஸ் மட்டும் போட்டு ஓட்டியிருந்தீங்கன்னா கம்ப்ரஸர் ஜாம்"னார். ஜாம் ஆனா அதுலேருந்து வர்ற உலோகப் பொடி குழாய் பூரா பரவும். அப்ப கண்டென்சரும் போச்சு. பில்லைப் பார்த்துட்டு வண்டியை வித்துடலாம்னு முடிவு பண்ணியிருப்பேன். பழைய கார் எத்தனையோ இப்படித்தான் எடைக்குப் போகுது.

அப்புறம் முக்கால் மணி நேரம் வேக்குவம். அழுத்தம் அந்த அளவுக்கு இறங்கினா உள்ள இருக்கற ஈரம் சாதாரணச் சூட்டுலயே கொதிச்சு ஆவியாகி வெளிய வந்துடும். பம்ப்பை நிறுத்திட்டு முள் நகருதான்னு இன்னொரு அரைமணி உட்கார்ந்து பார்த்தோம். நகரலை. தராசுல வச்சு 450 கிராம். மொத்த பில் 5,520 ரூபாய். அதுல "பாத்த கூலி" 800. நான் முன்னாடி ரெண்டு தடவை தேவையில்லாமக் காத்துல விட்டது 3,400.

காத்துல விட்டதுன்னு சொல்றது சும்மா வார்த்தைக்கு இல்லை. ஆர்134ஏ ஓசோனைத் தொடாது. அந்தப் பாவத்தைச் செஞ்சது அதுக்கு முன்னாடி இருந்த ஆர்12. ஆனா பூமியைச் சூடாக்கறதுல இது கரியமில வாயுவைப்போல சுமார் 1,400 மடங்கு. 450 கிராமைக் காத்துல விட்டா கிட்டத்தட்ட 270 லிட்டர் பெட்ரோல் எரிச்சதுக்குச் சமம். நான் கணக்குப் பிள்ளை, போட்டுப் பார்த்துட்டேன். என் வண்டி அவ்வளவு பெட்ரோல்ல நாலாயிரம் கிலோமீட்டர் ஓடும். 2016 கிகாலி ஒப்பந்தத்துல இந்த மாதிரி கேஸ்களைப் படிப்படியா குறைக்கணும்னு முடிவாச்சு, இந்தியாவும் 2021-ல ஏத்துக்கிச்சு. நாட்டோட கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை துணியை வச்சுக்கிட்டு நான் செஞ்சதும் அதுல சேர்த்திதானே.

"இவ்வளவு கஷ்டப்பட்டு எதுக்கு, மாத்திடலாமே?"ன்னு கேக்கறவங்களுக்கு ஒண்ணு. பதினஞ்சு வருஷம் முடிஞ்சு எஃப்.சி. காட்டிப் புதுப்பிச்ச வண்டி. வித்தா வர்ற காசு புது வண்டி முன்பணத்துல ஒரு மூலைக்குக் காணாது. ஆனா இந்த வண்டி ஏசி எளிமையானது. கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கூட்டம் கிடையாது. ஒரு பெல்ட், ஒரு கிளட்ச், ஒரு ஃபேன், நாலு குழாய். கண்ணாலயும் காதாலயும் பாதி கண்டுபிடிச்சுடலாம். பானெட்டைத் திறந்து வச்சு, இன்னொருத்தரை ஏசி போடச் சொன்னா கிளட்ச் டக்குனு ஒட்டுதா, ஃபேன் சுத்துதான்னு தெரியும் (கையும் துப்பட்டாவும் பெல்ட்டுக்குத் தூரமா). மீன்தொட்டிக்கு விக்கற குட்டி தெர்மாமீட்டர் ஒண்ணை வென்ட்ல சொருகினா "கொஞ்சம் குறையுது"ங்கறதுக்கு பதிலா ஒரு நம்பர் கிடைக்கும். ஆனா ஜாயிண்ட்டைத் திறக்கற வேலை மட்டும் வேண்டாம். பீச்சற கேஸ் பட்டா தோலும் கண்ணும் உறைஞ்சு போயிடும். லீக்கை அடைக்கும்னு கேன்ல விக்கற சமாச்சாரமும் வேண்டாம். பாய் அதைப் பத்திப் பேசவே மறுத்தார், "வால்வை அடைச்சிடும் சார்" அவ்வளவுதான்.

பானெட்டுக்கு உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருக்கேன். தேதி, 450 கிராம், வெளிய 38 டிகிரி, வென்ட்ல 9. 2025 மே மாசம் அதே ரோட்டுல அம்மாவோட இன்னொரு கண்ணுக்குப் போய்ட்டு வந்தோம். திரும்பி வரும்போது வென்ட்ல 9. துவரங்குறிச்சியில அதே கடையில நிறுத்தி டீ குடிச்சோம். அம்மா மட்டும் இறங்கலை, உள்ளேயே இருக்கேன்னுட்டாங்க.

அந்த ஹீட்டர் கேபிள் நண்பர், அவரேதான், போன வாரம் போன் பண்ணினார். இப்ப நிஜமாவே கம்ப்ரஸர் விட்டு விட்டுப் போடுதாம். பாய் நம்பர் கொடுத்து, அரை நாள் வண்டியை விட்டுடுங்கன்னேன். "அரை நாளா? வீட்டுல வேலை இருக்கே"ன்னார். நேத்து ஆபீஸ்ல பார்த்துக் கேட்டேன்.

"அதுவா, வர்ற வழியிலேயே கேஸ் போட்டுட்டேன். சூப்பரா இருக்கு."